பசி வரட்டும் என்று காத்திருக்கலாமா?
(புற்றுநோய் சிகிச்சையும் உணவும்)

‘பசித்துப் புசி’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆவது அதிகாரமும், முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பிறகு உண்ண வேண்டும் என்பதையே வற்புறுத்துகிறது. உடல்நலம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. ஆனால் புற்றுநோய்க்கு சிகிச்சை பெறுகிறவரிடம் இதே விதியைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதை 2018ஆம் ஆண்டில் என் வீட்டிலேயே கண்டேன். அந்த அனுபவம் நம் சங்கக் குடும்பங்களில் யாருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனவே இதில் உள்ளவற்றை உங்கள் மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுக்கொண்டு பின்பற்றுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலி. மல்காஜ்கிரிக்குக் குடிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. என் மனைவிக்கு சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு முறை கீமோதெரபி கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்போது அவள் எடை 58 கிலோ.

முதல் கீமோ முடிந்த மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குப் பசியே இல்லை. “வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்குங்க” என்றாள். பசிக்கும்போது கேட்கட்டும் என்று நான் இருந்துவிட்டேன். ‘லேசான ஆகாரம்’ என்று ரசம் சாதமும் கஞ்சித் தண்ணீரும் கொடுத்தேன். பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சர்க்கரை கூடாது என்றார் ஒருவர். பால் கூடாது, கேரட் சாறு மட்டும் கொடுங்கள் என்றார் மற்றொருவர். எல்லாவற்றையும் கேட்டேன். சாப்பிடாதபோது கோபித்தும் கொண்டேன். ஒருநாள் மாடியில் செம்பருத்தித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது, மண்ணின் மேல் கஞ்சி காய்ந்து கிடந்தது. கேட்டதற்கு அவள் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “ஊசி குத்துறதுகூடப் பொறுத்துக்கலாங்க. சாப்பிடலன்னு தினமும் உங்ககிட்ட திட்டு வாங்கறதுதான் முடியல.”

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது எடை 52 கிலோ. ரத்த அணுக்களும் குறைந்திருந்தன. அணுக்கள் குறைவது மருந்தின் விளைவு, அதற்காக ஒரு வாரம் தள்ளிப் போடுவோம் என்றார் மருத்துவர். ஆனால் இரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போனதுதான் தமக்குக் கவலை என்றார். கீமோ மருந்துகள் பலவற்றின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடையும் தசையும் கரைந்துகொண்டே போனால் உடல் சிகிச்சையைத் தாங்காது. தொற்று சுலபமாக வரும். மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரலாம். “மருந்து எங்கள் பொறுப்பு. சாப்பாடு உங்கள் பொறுப்பு. இதுவும் சிகிச்சைதான்” என்று சொல்லி எங்களை டயட்டீஷியன் அம்மாவிடம் அனுப்பினார்.

பசி ஏன் போகிறது?

அந்த அம்மா முதலில் விளக்கியது இதைத்தான். வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ மருந்து தாக்குகிறது. நாக்கின் சுவை மொட்டுகள், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர் ஆகியவையும் வேகமாகப் புதுப்பிக்கப்படுபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. அதனால் சுவை மாறுகிறது, வாயில் புண் வருகிறது, வயிறு கெடுகிறது. நோயே உடலில் உண்டாக்கும் அழற்சி, மூளையில் பசியைத் தூண்டும் இடத்தையும் மந்தமாக்குகிறது. வலி, மலச்சிக்கல், மனக்கவலை, சில மாத்திரைகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஆக, பசி என்னும் மணி பழுதாகிக் கிடக்கிறது. அந்த மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தால் உடல் தன் தசையையே தின்னத் தொடங்கும். நோயாளி வேண்டுமென்றே பிடிவாதம் பிடிப்பதாக நினைத்த என் அறியாமையும் அன்றோடு போயிற்று.

குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு

அன்று இரவு, என் மகள் ஹோம் சயன்ஸ் படித்த காலத்தில் வாங்கிய ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நம் ஊர் தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட, இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பு பற்றிய நூல் அது. இந்த நிறுவனமும் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்ததுதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1918இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வகமே இதன் தொடக்கம். 1958இல் அது ஹைதராபாத்துக்கு மாறியது. 1969இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பல ஆண்டுகள் இதன் இயக்குநராக இருந்தவரும், அந்த நூலின் ஆசிரியர்களில் ஒருவருமான டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். இந்நிறுவனம் 2017இல் 528 உணவுப் பொருள்களுக்குப் புதிய அட்டவணையும் வெளியிட்டிருக்கிறது.

கணக்குப் பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தால் சும்மா இருப்பானா? அன்று அவள் உண்டதை எழுதிக் கூட்டினேன். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் கேரட் சாறு, இரண்டு கரண்டி ரசம் சாதம், கடுங்காப்பி, இரவில் கஞ்சி, ஒரு டம்ளர் மோர். புரதம் எல்லாம் சேர்ந்து 15 கிராமைத் தாண்டவில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கே கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய நிறுவனத்தின் கணக்கு. புற்றுநோயாளிகளுக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும், 25 முதல் 30 கலோரியும் தேவை என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் கூறுகிறது. அதாவது 52 கிலோ எடையுள்ள என் மனைவிக்கு ஒரு நாளைக்கு 52 முதல் 78 கிராம் புரதமும், 1300 முதல் 1560 கலோரியும் வேண்டும். நான் கொடுத்த புரதம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

மணி பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக

டயட்டீஷியன் அம்மா சொன்ன வழி எளிமையானது. மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு சிறு கிண்ணம் கொடுங்கள். அந்தச் சிறு கிண்ணத்தில் புரதமும் நெய்யும் கூடுதலாக இருக்கட்டும். ஒரு தேக்கரண்டி நெய்யில் 45 கலோரி உண்டு. அளவு கூடாமலே சக்தி கூடும். தண்ணீரையும் சாற்றையும் சாப்பாட்டோடு கொடுத்து வயிற்றை நிரப்பாமல் இடைவேளைகளில் கொடுங்கள்.

அவர் தந்த தாளில் பெசரட்டு, ஜொன்ன ரொட்டி, உப்புமா என்று இருந்தது. என் மனைவியோ அதைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர் உளுந்தங்கஞ்சி ஆகாதாமா?” என்று கேட்டாள். தாராளமாக ஆகும் என்றார்கள். அதிலிருந்து எங்கள் பட்டியல் இப்படி அமைந்தது:

காலை 6.30 – பாதாம் பொடி கலந்த பால் ஒரு டம்ளர் (புரதம் 7 கிராம்)

8.30 – நெய் விட்ட ஒரு பெசரட்டு (7 கிராம்)

10.30 – தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்கஞ்சி (6 கிராம்)

12.30 – பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சொதியோடு குழைந்த சாதம், ஒரு வேகவைத்த முட்டை (11 கிராம்)

மாலை 3.00 – பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த ஓர் உருண்டை (4 கிராம்)

5.00 – ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், அல்லது நன்றாக வெந்த சுண்டல் (4 கிராம்)

7.00 – பருப்புப் பொடியும் நெய்யும் தடவிய இரண்டு இட்லி (5 கிராம்)

9.00 – பால் ஒரு டம்ளர் (6 கிராம்)

மொத்தம் 50 கிராம். எல்லா நாளும் இது நடந்ததாகச் சொன்னால் பொய்யாகும். கீமோ முடிந்த முதல் நான்கைந்து நாட்கள் பாதிகூட இறங்காது. அதற்கு அடுத்த இரண்டு வாரங்களில் நாக்கு கொஞ்சம் திரும்பும்; அப்போது ஈடு செய்துகொள்வோம். மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நீரிழிவு உள்ளவர்கள் வெல்லம், கருப்பட்டி விஷயத்தில் மருத்துவரைக் கேட்க வேண்டும். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் புரத மாவு, வீட்டு உணவு போதாதபோது அவர்கள் சொன்னால் மட்டும் போதும்.

தொல்லைக்கு ஏற்ற உணவு

*குமட்டல்:* வாந்தி மாத்திரையை, வாந்தி வரும் வரை வைத்திருக்காமல், சொன்ன நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். தாளிக்கும் வாசனையே பலருக்கு ஆகாது. நான் தாளிப்பை அவள் உறங்கும் நேரத்தில் முடித்துவிடுவேன். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு. எனவே தயிர் சாதம், இட்லி, பிஸ்கட் போன்றவை இறங்கும். நம் நகரத்து உஸ்மானியா பிஸ்கட்டே ஒரு காலத்தில் உஸ்மானியா மருத்துவமனை நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்வார்கள். இரண்டு பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் அதுவும் ஒரு வேளை ஆகாரமே.

*இரும்புச் சுவை:* எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் மாற்றிப் பீங்கான் கிண்ணமும் பிளாஸ்டிக் கரண்டியும் வைத்தோம். வாயில் புண் இல்லாத நாட்களில் எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி ஆகியவை சுவையை எழுப்பும். சாப்பிடுமுன் வாய் கொப்பளிப்பதும் நல்லது.

*வாய்ப்புண்:* காரம், புளிப்பு, கொதிக்கும் சூடு மூன்றும் வேண்டாம். குளிர்ந்த கேழ்வரகுக் கூழ், மசித்த தயிர் சாதம், வாழைப்பழத்தைப் பாலில் அடித்த கூழ் ஏற்றவை. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளிக்கலாம். விழுங்கவே முடியாதவர்களுக்குச் சில காலம் குழாய் வழியாக உணவு தரச் சொல்வார்கள். அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். சிகிச்சையை முடிக்க அது துணை.

*வயிற்றுப்போக்கு:* உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.), குழைந்த சாதம், மோர், வாழைப்பழம். அந்த நாட்களில் சுண்டல், கீரை, எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்க வேண்டும். வயிற்றுப் பகுதியில் கதிர்வீச்சு பெறுகிறவர்களுக்கு இது முக்கியம்.

*மலச்சிக்கல்:* வாந்தி மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் இதை உண்டாக்கும். தண்ணீர், பழம், கொஞ்சம் நடை. போதாவிட்டால் மருத்துவர் தரும் மருந்து. மலச்சிக்கல் தீர்ந்தாலே பாதிப் பசி திரும்பும்.

*சுத்தம்:* ரத்த அணு குறைந்த நாட்களில் அன்றன்று சமைத்ததையே தர வேண்டும். காலை அரைத்த தேங்காய்ச் சட்னியை மாலைக்கு வைக்கக் கூடாது. சாலையோரம் வெட்டி விற்கும் பழம், காய்ச்சாத பால், வேகாத முட்டை கூடாது. பழத்தை வீட்டில் நன்றாகக் கழுவித் தோலுரித்துத் தரலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துப் பார்க்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

வருவோர் சொல்லும் யோசனைகள்

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் சாகும் என்பது பரவலான நம்பிக்கை. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்வதை 1920களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டார் என்பது உண்மையே. ஆனால் நாம் உண்ணாவிட்டாலும் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளிதான். கூல்டிரிங்கும் பேக்கரி இனிப்பும் யாருக்கும் தேவையில்லை. ஆனால் சாதத்தையும் பழத்தையும் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. பாலும் அப்படியே, வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் தரலாம்.

குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. மாத்திரையாகவும் கஷாயமாகவும் மிகுதியாகத் தரும் எதுவும் கீமோ மருந்தின் வேலையையோ கல்லீரலையோ பாதிக்கலாம். தருவதானால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத் தாருங்கள்.

மொழி தெரியாத தாய்மார்களுக்கு

இங்கு ரெட்ஹில்ஸில் 1955 முதல் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையும், பஞ்சாரா ஹில்ஸில் 2000ஆம் ஆண்டு முதல் பசவதாரகம் மருத்துவமனையும் இயங்கி வருகின்றன. மகனோ மகளோ இங்கிருப்பதால் ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் நம் பெற்றோர் பலருக்குத் தெலுங்கோ இந்தியோ தெரியாது. நர்ஸ் கேட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கீழ்க்கண்ட தெலுங்குச் சொற்களை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்:

ஆகலி லேது – பசி இல்லை
ருச்சி தெலியடம் லேது – சுவை தெரியவில்லை
வாந்துலு – வாந்தி
நோட்டி பூத – வாய்ப்புண்
மிங்கலேகபோத்துன்னானு – விழுங்க முடியவில்லை
விரேசனாலு – வயிற்றுப்போக்கு
மலபத்தகம் – மலச்சிக்கல்
ஜ்வரம் – காய்ச்சல்

டயட்டீஷியனைப் பார்க்கும்போது, நம் வீட்டில் வழக்கமாகச் செய்யும் பத்துப் பலகாரங்களின் பெயரையும் அவற்றில் சேரும் பொருள்களையும் எழுதிக்கொண்டு போங்கள். அவர் தாளில் இல்லாதது நம் அடுப்படியில் இருக்கும். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து, அந்தக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி மருந்து ஏறிய மறுநாளே பசி வந்துவிடாது. சுவை திரும்பச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகலாம். வாய், தொண்டையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இன்னும் நீளும். இரைப்பையில் அறுவை செய்தவர்கள் சிறு சிறு வேளைகளாக உண்பதைத் தொடர வேண்டும். பி-12 ஊசி பற்றியும் மருத்துவரைக் கேட்க வேண்டும். போன தசை திரும்புவதற்கு உணவு மட்டும் போதாது, நடையும் சிறு உடற்பயிற்சியும் வேண்டும். பசி திரும்பியபின், நெய்யும் உருண்டையுமாக இருந்த பட்டியலை மெல்ல மாற்றி, காய்கறி, கீரை, பருப்பு, பழம், முழுத்தானியம் என்று போக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்கு எடை குறைவதற்குப் பதில் கூடுகிறது. அவர்களுக்கு என் மனைவியின் பட்டியல் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய் மிக முற்றி, இனிச் சிகிச்சை இல்லை என்ற நிலையில் பசி போவது வேறு. அப்போது உணவை ஏற்று உடலில் சேர்க்கும் சக்தியே உடலுக்கு இராது. வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுத் திணறலும் வேதனையும்தான் மிஞ்சும். உதட்டை நனைத்து, அவர்கள் விரும்பிக் கேட்ட ஒரு வாய் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதுமானது. பட்டினி போட்டுவிட்டோம் என்று பிறகு குடும்பத்தார் மனம் வருந்த வேண்டியதில்லை.

ஊட்டுகிறவர்களுக்கு

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மணி பார்த்துக் கிண்ணத்தை வைப்பது என் வேலை. எவ்வளவு உண்பது என்பது அவள் இஷ்டம். மிச்சத்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவேன். அவளும் தொட்டியில் கொட்டுவதை நிறுத்தினாள். மறைப்பதற்கு அவசியமில்லாததால் எவ்வளவு இறங்கியது என்பது எனக்கும் சரியாகத் தெரிந்தது. நவராத்திரியில் பக்கத்து வீட்டுச் சுண்டலை நான்கு கரண்டி தானாகவே எடுத்து உண்டாள். ஆறாவது கீமோவின்போது எடை 53 கிலோ. ஏறியது ஒரு கிலோதான். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கீமோவும் தள்ளிப் போகவில்லை. எடை நின்றதற்குக் காரணம் என் கிண்ணங்களா, புதிதாக மாற்றிய வாந்தி மருந்தா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும்.

2019ஆம் ஆண்டு பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். பகல் பதினொன்றரை மணி. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: “ஏங்க, சாப்பாடு ஆயிட்டுதா? பசிக்குது.”

நான் அலமாரியிலிருந்து பழைய எவர்சில்வர் தட்டை எடுத்துக் கழுவினேன்.